கிளினிக்கில் 118, மெசினில் 14.9: அம்மாவின் சீனி உண்மையில் எவ்வளவு?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 11 வருடமாகச் சீனி வருத்தம். மெட்போர்மின் 500 காலையில் இரண்டு, இரவில் இரண்டு; கிளிக்கிளசைட் 80 காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதாந்தக் கிளினிக்கில் வெறுவயிற்றுச் சீனி 118, 112, 121 என்றுதான் வருகிறது. "நல்லா இருக்கு" என்று அதே குளிசைகளை எழுதிக் கொடுக்கிறார்கள். போன மாதம் தனியார் லாப்பில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்த்தோம், 9.1 என்றார்கள். அண்ணா லண்டனிலிருந்து அனுப்பிய மெசினில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 14.9 காட்டுகிறது. இரண்டு கிழமைக்கு முன் விடியப்புறம் 4 மணிக்கு வியர்த்து நடுங்கிக்கொண்டு எழும்பினா, அப்போது 3.2. காலைச் சீனி ஏறிவிடும் என்ற பயத்தில் இரவில் இரண்டு கிறீம் கிறக்கரும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. பக்கத்து வீட்டு மாமி 140-க்கு மேலே போகவே கூடாது என்கிறா. எதை நம்புவது? மெசினுக்கும் லாப்புக்கும் எப்போதும் வித்தியாசம் வருவது ஏன்? அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கலாமா? எனக்கு 38 வயது, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி இருந்தது. நானும் பார்க்க வேண்டுமா?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் எழுதவில்லை. அவசரமானது விடியப்புறம் வந்த அந்த 3.2. அதை முதலில் முடிப்போம்.

அண்ணா அனுப்பிய மெசின் மில்லிமோல் கணக்கில் காட்டுகிறது. இங்கிலாந்தில் அதுதான் வழக்கம். நம் பக்கத்துக் கிளினிக்குகளும் லாப்புகளும் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் எழுதுகின்றன. மெசினில் வரும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் கிளினிக் கணக்கு வந்துவிடும். 14.9 என்பது 268. 3.2 என்பது 58. வெளிநாட்டு மெசின் உள்ள வீடுகளில் இன்னொரு குழப்பமும் நடக்கிறது. மெசினில் 7 வந்தால், "எச்பிஏ1சி 7-க்குள் இருக்க வேண்டும் என்றார்களே, சரிதான்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெசினின் 7 அந்த நிமிடத்தில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 126 மில்லிகிராம் சீனி இருப்பதைச் சொல்கிறது. எச்பிஏ1சியின் 7 என்பது வீதம். இரண்டும் ஒரே அளவல்ல.

சீனி 70-க்குக் கீழே, அதாவது மெசினில் 3.9-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே, அதாவது 3.0-க்குக் கீழே போனால் மூளைக்கே சீனி போதாது. பேச்சுத் தடுமாறும், மயக்கமும் வலிப்பும் வரலாம். அம்மா அந்தக் கோட்டுக்கு மிக அருகில் போய்த் திரும்பியிருக்கிறார். வியர்வையும் நடுக்கமும் அவரை எழுப்பியது நல்ல காலம். அடிக்கடி சீனி இறங்கினால் உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதையே நிறுத்திவிடும். பிரசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும் சில குளிசைகளும், அட்டெனலோல், பிரொப்ரனலோல் போன்றவை, நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும்.

இறங்கியதற்குக் காரணம் கிளிக்கிளசைட் என்றே நினைக்கிறேன். அந்தக் குளிசை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு கிறீம் கிறக்கரில் 11 கிராம் அளவு மாப்பொருள்தான் இருக்கும். அதை நம்பி 80 மில்லிகிராம் கிளிக்கிளசைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் விடியப்புறம் சீனி இறங்கத்தான் செய்யும். மெட்போர்மின் தனியாக இப்படி இறக்காது.

இன்று முதல், இரவில் ஒழுங்கான சாப்பாடு இல்லாமல் கிளிக்கிளசைட்டைக் கொடுக்க வேண்டாம். சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி, காய்ச்சல் என்று எந்தக் காரணத்தால் சாப்பாடு தவறினாலும் அந்த வேளைக் கிளிக்கிளசைட்டும் தவற வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமைக்குள் டொக்டரைக் கண்டு, விடியப்புறம் 58-க்கு இறங்கியதைச் சொல்லுங்கள். இரவு அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா, வேறு குளிசைக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியற்றினினையும், சிறுநீரில் அல்புமினையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த வகைக் குளிசைகளாலும் இன்சுலினாலும் சீனி இறங்குவது எளிது, இறங்கினால் நீண்ட நேரம் இறங்கியே இருக்கும். கிளிபென்கிளமைட் என்ற பழைய குளிசை வயதானவர்களுக்கு இந்த வகையில் இன்னும் மோசமானது. வீட்டில் வேறு யாராவது அதை எடுத்தால் அவர்களும் டொக்டரிடம் பேச வேண்டும்.

மறுபடி இறங்கினால் செய்ய வேண்டியது இது. அம்மா விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால், தேக்கரண்டியால் மட்டமாக அளந்த 4 கரண்டி சீனியை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் மாவை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சொக்லேட், பால்தேத்தண்ணி, பிஸ்கட் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பும் மாவும் சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஒரு துண்டுப் பாணோ கொஞ்சம் சோறோ கொடுங்கள். பயத்தில் அரைப் போத்தல் சோடாவைக் குடிக்கவைத்துவிட்டு அடுத்த நாள் முழுக்க 300-ஐத் துரத்துகிறவர்கள் உண்டு. 15 கிராம் போதும்.

மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கிளிக்கிளசைட் எடுப்பவருக்கு ஒருதடவை ஏறிய சீனி சில மணித்தியாலங்களில் மறுபடி இறங்கலாம். அதனால் தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி.

இனி, எதை நம்புவது என்ற கேள்வி. மூன்றையும் நம்பலாம். மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான்.

வெறுவயிற்றுச் சீனி இரவு முழுக்க ஈரல் எவ்வளவு சீனி விட்டது, இரவு மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சொல்லும். பகல் சாப்பாட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. எச்பிஏ1சி வேறு கணக்கு. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாட்களில் அவற்றில் படிந்த சீனியின் வீதம்தான் அது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. கிளினிக்குக்கு மூன்று நாளுக்கு முன் சீனியையும் சோற்றையும் விட்டுவிட்டுப் போனால் வெறுவயிற்று அளவு மயங்கும், எச்பிஏ1சி மயங்காது.

9.1-ஐச் சராசரிச் சீனியாக மாற்றிப் பார்க்கலாம். 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் 214 வரும். 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183. காலையில் 118 இருப்பவருக்கு, விடியப்புறம் 58 வரைகூட இறங்குகிறவருக்கு, இரவும் பகலும் சேர்ந்த சராசரி 214 வர வேண்டுமானால் பகலில் பல மணித்தியாலம் 250-க்கும் 300-க்கும் இடையில் நிற்க வேண்டும். உங்கள் மெசினில் வந்த 268 அதற்குச் சாட்சி. ஆக, கிளினிக் எண் பொய்யல்ல. அம்மா வீட்டில் எல்லோருமாக அந்த ஒரு எண்ணைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டைப் பலி கொடுத்து, இரவுக் குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கி, காலை 7 மணிக்கு அழகான 118-ஐ வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னே விடியப்புறத்தில் ஆபத்து, பின்னே பகல் முழுக்க ஏற்றம்.

எச்பிஏ1சியும் சில வேளை ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் உண்மையைவிடக் கூடக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ, நிறைய இரத்தம் போயிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் வருத்தம் இருந்தாலோ குறைத்துக் காட்டும். தலசீமியா போன்ற பிறவிக் குறைபாடுகளிலும், சிறுநீரகம் செயலிழந்தவர்களிலும் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் மெசின் எண்ணும் எச்பிஏ1சியும் ஒரே பக்கம் சாய்வதால் 9.1 உண்மை என்றே எடுத்துக்கொள்வேன். ஆனாலும் ஈமோகுளோபின் ஒருதடவை பார்ப்பது நல்லது.

கிளினிக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் காலையில் மலிவாக, விரைவாக எடுக்க முடிந்தது வெறுவயிற்றுச் சீனிதான். எச்பிஏ1சி மாதாமாதம் தேவையுமில்லை. மருந்து மாறும் காலத்தில் 3 மாதத்துக்கு ஒருதடவை, நிலைத்த பிறகு 6 மாதத்துக்கு ஒருதடவை போதும். கிளினிக் காணாத பகல் எண்ணையும் விடியப்புற எண்ணையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டில் உள்ளவர்களின் வேலை.

மாமி சொன்ன 140 எங்கிருந்து வந்ததென்றால், வருத்தம் இல்லாதவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணித்தியாலம் கழித்துப் பார்க்கும்போது 140-க்குள் இருக்க வேண்டும். அது ஒருவருக்கு வருத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கோடு. 11 வருடமாக மருந்து எடுப்பவரை அந்தக் கோட்டுக்குள் அடைக்கப் பார்த்தால் கீழே விழுவார். சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு வைக்கும் இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை (மெசினில் 4.4 முதல் 7.2), சாப்பிடத் தொடங்கி 1 முதல் 2 மணித்தியாலத்தில் 180-க்குள் (10-க்குள்), எச்பிஏ1சி 7-க்குள். 80 என்ற கீழ்க்கோடும் இலக்கின் பகுதிதான். நம்மவர்கள் மேல்கோட்டை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதே எண் எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிக்கு இலக்கு இன்னும் இறுக்கம்: வெறுவயிற்றில் 95-க்குள், 1 மணித்தியாலத்தில் 140-க்குள், 2 மணித்தியாலத்தில் 120-க்குள். வயதாகி, இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கும், அடிக்கடி சீனி இறங்குகிறவருக்கும் இலக்கைத் தளர்த்துவார்கள். எச்பிஏ1சி 8-க்குள் இருந்தால் போதும், காலையில் 90 முதல் 150 வரை இருக்கலாம் என்பார்கள். "எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் சோதிக்கப்பட்ட ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000-க்கு மேற்பட்டோரில் நடந்த அக்கோர்ட் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பகுதியில் இறப்புகள் கூடியதால் 2008-இல் அந்தச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். அதற்காக 9.1-இல் விட்டுவிடுவதும் சரியல்ல. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ் ஆய்வைப் பகுத்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், எச்பிஏ1சி 1 வீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 37 வீதம் குறைவாக இருந்தன.

அம்மாவுக்கு முதற்கட்டமாக விடியப்புற இறக்கம் இல்லாமல் 8-க்குள் வந்தால் பெரிய முன்னேற்றம். பிறகு 7.5-ஐ டொக்டருடன் பேசலாம். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். நீண்ட காலம் ஏறியிருந்த சீனியை வேகமாக இறக்கினால் கண்ணின் விழித்திரையில் ஏற்கனவே உள்ள பாதிப்பு கொஞ்சக் காலத்துக்குக் கூடலாம். இந்த வருடம் கண் பார்த்திருக்காவிட்டால் மருந்து கூட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மெசினுக்கும் லாப்புக்கும் வித்தியாசம் வருவது குறையல்ல. நல்ல மெசினுக்கே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 வீதம் கூடிக் குறைய அனுமதி உண்டு. உண்மையில் 268 இருந்தால் மெசின் 228-உம் காட்டலாம், 308-உம் காட்டலாம். சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தத்தில் சீனி கை நரம்பில் எடுக்கும் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். 20, 30 புள்ளி வித்தியாசம் சாதாரணம். ஒப்பிட விரும்பினால் வெறுவயிற்றில், லாப்பில் இரத்தம் கொடுத்த அதே ஐந்து நிமிடத்துக்குள் குத்திப் பாருங்கள்.

தவறு லாப் பக்கமும் இருக்கலாம். இரத்தம் குழாயில் இருக்கும்போதும் அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்து, நாலு ஊர் சுற்றி மத்தியானம் லாப்புக்குக் கொண்டுபோனால் 140 இருந்தது 120 ஆகிவிடும். சீனிக்கு எடுக்கும் இரத்தத்தை சாம்பல் மூடிக் குழாயில் எடுக்க வேண்டும், அதில் இந்தத் தேய்வைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதுகூட முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் முழுதாகத் தடுக்காது. லாப்புக்கே போய்க் கொடுப்பது மேல்.

வீட்டில் நடக்கும் பிழைகளில் முதலாவது கை. மாம்பழம் வெட்டிய கையால், சீனிப் போத்தலைத் தொட்ட கையால் குத்தினால் 100 இருப்பவருக்கு 250 காட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துக் குறைத்துக் காட்டும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. இரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கப்போட்டு உதறுங்கள். விரல் நுனியைப் பிழிந்தெடுக்க வேண்டாம். அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது மெசினில் செருகும் சோதனைப் பட்டி. நம் பக்கத்து வெக்கையும் வாவிக் காற்றின் ஈரமும் அதற்கு எதிரி. பெரும்பாலானவற்றை 30 பாகைக்குள் வைக்க வேண்டும். குசினி அலுமாரியும் தகரக் கூரைக்குக் கீழ்த் தட்டும் ஆகாது, குளிரூட்டியும் ஆகாது. ஒன்றை எடுத்தவுடன் டப்பாவை இறுக்கி மூடுங்கள். திறந்த திகதியைப் பேனையால் எழுதி வையுங்கள், சில வகை ஸ்ட்ரிப் திறந்து 3 மாதத்துக்குப் பிறகு செல்லாது. அண்ணாவிடம் அடுத்த பார்சலில் மெசின் வேண்டாம், அதே வகை ஸ்ட்ரிப் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வகை மட்டக்களப்பு, கல்முனைப் பார்மசிகளில் கிடைக்காவிட்டால், இங்கே ஸ்ட்ரிப் கிடைக்கும் மெசின் ஒன்றை வாங்குவதுதான் புத்தி.

ஸ்ட்ரிப் விலையான சாமான். கண்டபடி குத்தி வீணாக்க வேண்டாம். டொக்டரைக் காணப் போவதற்கு முந்திய நாட்களில் சோடி சோடியாகப் பாருங்கள். முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும், முதல் வாய் வைத்து 2 மணித்தியாலத்திலும். அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்கு அதே மாதிரி. மூன்றாம் நாள் இரவுக்கு. மேலும் இரண்டு இரவுகள் விடியப்புறம் 3 மணிக்கு ஒன்று. மொத்தம் 8 ஸ்ட்ரிப். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு, குளிசை எத்தனை மணிக்கு என்று கொப்பியில் எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 50-க்குள் என்றால் அந்தச் சாப்பாட்டின் அளவு சரி. 100-க்கு மேல் என்றால் பீங்கானைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும், சோதனைக்காகப் பத்தியம் இருந்தால் அந்த எட்டு ஸ்ட்ரிப்பும் பிரயோசனமில்லை. லாப்பில் சாப்பிட்டபின் சோதனைக்குப் போகும்போதும் இதேதான். ஒரு வடையும் பிளேன்ரீயும் குடித்துவிட்டுக் கொடுக்கும் இரத்தத்தில் 150 வந்தால் அதற்கு அர்த்தமில்லை.

பீங்கானுக்கு வருவோம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாப்பொருள் இருக்கிறது. வயல் ஊர்ப் பகல் சாப்பாடு, குவித்துப் போட்டால் 350 கிராம் சோறு எளிதாக வரும். மாப்பொருள் 98 கிராம். அதே அம்மா இரவில் 11 கிராமோடு படுக்கிறார். முழு நாளின் பாரத்தையும் ஒரு வேளையில் இறக்கிவிட்டு மற்ற வேளையைப் பட்டினி போடுகிறார். சமையலறைத் தராசில் ஒரு கிழமைக்கு மட்டும் நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே அளக்கும். பகலில் 200 கிராம் சோறு (56 கிராம் மாப்பொருள்), இரவில் 130 கிராம் சோறோ அதற்கு ஈடான இடியப்பமோ புட்டோ (36 கிராம் அளவு) என்று பிரித்துப் பாருங்கள். கால் றாத்தல் பாணில் ஏறக்குறைய 55 கிராம் இருக்கிறது. "சோறு சாப்பிடவில்லை, பாண்தான்" என்பது சலுகையல்ல.

தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி, நாளுக்கு எத்தனை தடவை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைக் கேட்காமல் விட முடியாது. இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு 5 தடவை குடித்தால் 40 கிராம் சீனி. பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சீனிதான். சிவப்பரிசியில் தவிடு இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறும், மாப்பொருள் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. குரக்கன் பெயரில் நடக்கும் ஏமாற்றம் இதைவிடப் பெரிது. குரக்கன் மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள். அதை நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சோற்றைவிட வேகமாகக்கூட ஏறும். பிட்டாக அவித்து, கீரையோடு, அளவாகச் சாப்பிட்டால் நல்ல சாப்பாடு.

பகல் ஏற்றத்தைக் குறைக்க மருந்தில்லாத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாப்பிடும் ஒழுங்கு. முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பருப்பு, மீன் இவற்றில் பாதியை முதலில் சாப்பிட்டு, பிறகு சோற்றுக்குப் போகச் சொல்லுங்கள். அதே சோறு, ஏற்றம் குறையும். மற்றது சாப்பிட்ட அரை மணித்தியாலத்துக்குள் 10 முதல் 15 நிமிட நடை. மத்தியான வெயிலில் றோட்டில் நடக்கச் சொல்லவில்லை. விறாந்தையில் முன்னும் பின்னும் நடந்தாலும் தசை சீனியை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் பாய் போட்டுப் படுக்கும் வழக்கத்துக்கு இது மாற்று. பாகற்காய்ச் சாற்றைக் குளிசைக்குப் பதிலாக எண்ண வேண்டாம். கிளிக்கிளசைட்டோடு சேர்த்துக் குடித்தால் இறக்கத்தைக் கூட்டவும் கூடும்.

இரவுச் சாப்பாட்டைத் திருத்தி, இரவுக் குளிசை குறைந்த பிறகு ஒன்று நடக்கும். அம்மாவின் காலைச் சீனி 118-இலிருந்து 130-க்கோ 140-க்கோ ஏறலாம். கிளினிக்கில் யாராவது "முந்தி நல்லா இருந்தது, இப்ப கூடியிருக்கு" என்று சொல்லலாம். பயந்து மறுபடி கிறீம் கிறக்கருக்குப் போகாதீர்கள். பகல் எண் 268-இலிருந்து 190-க்கு வந்தால் மூன்று மாதத்தில் எச்பிஏ1சி தானாகக் குறையும். அதனால்தான் அந்தக் கொப்பியை டொக்டரின் மேசையில் வைக்கச் சொல்கிறேன், 140-க்குக் காரணம் அதில் இருக்கும். உணவும் நடையும் சேர்ந்தும் 180-க்கு மேலே நின்றால் சீனியைத் தாழ இறக்காத வேறு குளிசை வகைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பொறுத்தது.

கிளினிக் நாளில் இன்னொரு ஆபத்து. வெறுவயிற்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் போதும், வெறும் தண்ணீர் குடிக்கலாம். இரவு 7 மணிக்கே நிறுத்தி, விடிய பஸ் ஏறி, வரிசையில் நின்று 10 மணிக்கு இரத்தம் கொடுத்தால் 15 மணித்தியாலம். காலைக் கிளிக்கிளசைட்டை வீட்டில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இரத்தம் கொடுத்து, சாப்பாடு கையில் வந்த பிறகு போடட்டும். பையில் குளுக்கோஸ் மாப் பைக்கற் ஒன்று கட்டாயம்.

வெள்ளி விரதத்தையும் இதே கண்ணால் பாருங்கள். ஒரு நேரம் மரக்கறியோடு சாப்பிட்டு மற்ற நேரம் பால் பழம் எடுப்பதானால் சமாளிக்கலாம். சாப்பிடாத வேளையின் கிளிக்கிளசைட்டை எப்படி மாற்றுவதென்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். விடியப்புற இறக்கம் நிற்கும் வரை முழு உபவாசம் வேண்டாம். கந்தசஷ்டி, கேதார கௌரி போல் நாட்கணக்கில் நீளும் விரதங்களுக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே மருந்தைத் திட்டமிட வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு றமழான் நோன்பிலும் இதுவே விதி. விரதத்தின்போது சீனி 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் அந்த நேரத்திலேயே முறித்துவிட வேண்டும். 300-க்கு மேலே நின்று வாந்தி, மூச்சு வாங்கல், அரைத்தூக்கம் என்று இருந்தால் விரதமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஆம், கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்கள் பிள்ளை பிறந்து 6 முதல் 12 கிழமைக்குள் ஒருதடவையும், பிறகு வாழ்நாள் முழுக்க 1 முதல் 3 வருடத்துக்கு ஒருதடவையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் இருப்பதால் உங்களுக்கு வருடா வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொருந்துவது மாமி சொன்ன கோடுகள்தான், அம்மாவின் இலக்குகள் அல்ல. வெறுவயிற்றில் 100-க்குள், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணித்தியாலத்தில் 140-க்குள், எச்பிஏ1சி 5.7-க்குள் என்றால் வருத்தமில்லை. வெறுவயிற்றில் 126-உம் அதற்கு மேலும், அல்லது 2 மணித்தியாலத்தில் 200-உம் மேலும், அல்லது எச்பிஏ1சி 6.5-உம் மேலும் வந்தால் சீனி வருத்தம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இரண்டாவது சோதனையாலும் உறுதிப்படுத்துவார்கள். இடைப்பட்டால் அது சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை. அந்த நிலையில் உடல் எடையில் 7 வீதம் அளவு குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதே முதல் மருந்து. லாப்பில் வெறுவயிற்று அளவை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருக்க வேண்டும், அதற்கேற்ற நாளாகப் பார்த்துப் போங்கள். இன்னொரு பிள்ளைக்கு எண்ணமிருந்தால், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.